வீட்டிலேயே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரும் ராத்திரி ஒரு மணி நேர கேமும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கம்ப்யூட்டர் கடைக்காரன் இல்லை. மதுரையில் கணக்கு எழுதும் வேலை. ராத்திரி சாப்பாடு முடிந்து, வீடு அடங்கிய பிறகு ஒரு மணி நேரம் விளையாடுவேன். அதுவும் தினமும் கிடையாது. எனக்கும் சொந்தக்காரர்களுக்குமாக இதுவரை பதினோரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்திருக்கிறேன். அதனால் குடும்பத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் போன் எனக்குத்தான் வரும். ஒரே பதிலைப் பத்துத் தடவை வாய்ஸ் மெசேஜில் பேசி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

1. மாமா, கேம் விளையாடணும். லேப்டாப் வாங்கவா, அசெம்பிள் பண்ணவா?

ஹாஸ்டலில் இருந்தால் லேப்டாப். வீட்டிலேயே ஒரு மேசை இருந்தால் அசெம்பிள். இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை.

காரணம் கேட்பவர்களுக்கு: கேமிங் லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் (திரைக்குப் படம் வரைந்து கொடுப்பது) போர்டோடு பற்றவைத்தது. மேசைக் கம்ப்யூட்டரில் அது கழற்றி மாட்டும் தனிக் கார்டு. மூன்று வருடம் கழித்து அதை மட்டும் மாற்ற முடியாது. கார்டின் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் லேப்டாப்பில் இருப்பதற்குக் குறைந்த வாட்தான் கிடைக்கும். வேகமும் அந்த அளவுக்குத்தான். மேசைக் கம்ப்யூட்டரில் இன்று ஒரு பாகம், அடுத்த தீபாவளி போனஸில் இன்னொரு பாகம் என்று ஏற்றிக்கொண்டே போகலாம்.

2. எவ்வளவு காசு ஒதுக்கணும்ணே?

காசைச் சொல்லாதே, முதலில் கேம் பெயரைச் சொல். வேலரன்ட், டோட்டா 2, மைன்கிராஃப்ட், ராக்கெட் லீக், நண்பர்களோடு பழைய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: இதுதான் பட்டியல் என்றால் கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் ஆரம்பிக்கலாம். போன வாரம் வந்த பெரிய கதை கேம் வேண்டுமென்றால் கார்டு கட்டாயம். மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போய்விடும்.

விலைகளை இங்கே எழுதினால் நீங்கள் படிக்கும்போது மாறியிருக்கும். ஒன்று மட்டும் சொல்லலாம். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை கன்னாபின்னாவென்று ஏறியது. பழைய வீடியோவில் யாரோ சொன்ன பட்ஜெட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

3. கிராபிக்ஸ் கார்டு இல்லாம நிஜமாவே ஓடுமா?

ஓடும். என் அக்கா மகனுக்குச் செய்து கொடுத்தது ரைசன் 5 5600ஜி. 2021இல் வந்த பிராசஸர். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. 1080பி மானிட்டரில், செட்டிங்கைக் குறைத்து வைத்தால் வேலரன்ட் 100 எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) தாண்டி ஓடுகிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 அந்த அளவுக்கு வராது, கொஞ்சம் மூச்சு வாங்கும்.

இரண்டு விஷயத்தில் ஏமாறக் கூடாது. ஒன்று, இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. விலை குறைவு என்று வாங்கினால் கார்டு வரும்வரை திரை கறுப்புத்தான். இரண்டு, 16 ஜிபி ரேமை ஒரே குச்சியாக வாங்காமல் 8, 8 என்று இரண்டாக வாங்குங்கள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, ரேமைத்தான் பங்கு கேட்கும். இரண்டு குச்சி என்றால் இரண்டு வழி திறந்த மாதிரி. அக்கா மகன் முதலில் ஒரு குச்சியோடு சமாளித்தான். இரண்டாவதைப் போட்ட அன்று "மாமா, புது கம்ப்யூட்டர் மாதிரி இருக்கு" என்றான்.

4. ரிச்சி ஸ்ட்ரீட் போனா கம்மியா கிடைக்குமா?

சென்னைக்கு வேறு வேலையாகப் போனால் அண்ணா சாலையிலிருந்து அப்படியே உள்ளே நுழைந்து பாருங்கள். இதற்கென்றே ரயில் டிக்கெட் எடுத்தால் மிச்சமானது டிக்கெட்டிலேயே போய்விடும். ஆன்லைன் விலையைப் போனில் காட்டிப் பேசினால் பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில் இறங்கி வருவார்கள்.

"பில் இல்லாம வாங்கினா 18 சதவீதம் மிச்சம்" என்று எந்தக் கடையிலாவது சொன்னால் சிரித்துவிட்டு வெளியே வாருங்கள். எனக்கே நடந்தது. பில் இல்லாமல் வாங்கிய மதர்போர்டு ஏழாவது மாதம் செத்தது. சர்வீஸ் சென்டரில் சீரியல் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது இந்தியாவுக்கு வந்த சரக்கே இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்கிறதா என்று கடையில் நின்றே பாருங்கள்.

5. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எதுக்குண்ணே இவ்வளவு செலவு? கேபினெட்டோட ஒண்ணு சும்மாவே வருதே?

சும்மா வருகிற அதைக் கழற்றிப் பரணில் போடுங்கள். கம்ப்யூட்டருக்குள் எல்லா பாகத்துக்கும் கரண்ட் போவது இதன் வழியாகத்தான். இது கெட்டால் தனியாகக் கெடாது. கூட ஒன்றிரண்டு பேரை இழுத்துக்கொண்டு போகும்.

மேலே '80 பிளஸ்' முத்திரை இருந்தால் போதுமா என்பார்கள். அது வாங்கும் கரண்டில் எவ்வளவு வீணாகிறது என்ற கணக்கு மட்டுமே. உள்ளே போட்டிருக்கும் சாமானின் தரத்துக்கு அது சாட்சி இல்லை. வாரண்டி ஐந்து வருடமாவது தருகிறார்களா என்று பார்ப்பது என் வழக்கம். நடுத்தர கார்டுக்கு நல்ல 550 வாட் போதும். பெயர் தெரியாத 800 வாட்டை விட அது மேல்.

6. கேபினெட்டைத் தொட்டா சுர்ருன்னு அடிக்குதே, உள்ள ஏதாவது லீக்கா?

அத்தை வீட்டில் அசெம்பிள் செய்து வைத்துவிட்டு வந்த மறுநாள் காலையில் இதே போன். ஈரத்துணியால் மொசைக் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தையின் முழங்கை கேபினெட்டில் பட்டிருக்கிறது. "பேய் பிடிச்ச பெட்டியைக் கொண்டாந்து வச்சிட்டுப் போயிட்டான்" என்று தெருவுக்கே கேட்கும்படி பேச்சு.

குற்றம் கம்ப்யூட்டரில் இல்லை, சுவரில். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டி, துளி மின்சாரத்தை எர்த் கம்பி வழியாக இறக்கிவிடும்; அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். எர்த் இல்லாத வீட்டில் அதற்குப் போக வழியில்லை, கேபினெட்டின் தகரத்திலேயே நிற்கும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். மல்டிமீட்டர் 230இல் பாதி, 115 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும். கரண்டின் அளவு மிகச் சிறியது, ஆனால் வெறுங்காலோடு தொட்டால் சுர்ரென்று இருக்கும். டிவியோடு கேபிள் மாட்டும் நேரத்தில் போர்ட்டையும் கெடுத்துவிடலாம்.

அத்தை வீட்டு சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தோம். மூன்று ஓட்டை இருந்தது. மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை. பழைய வீடுகளில் இது சகஜம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்டதும் சரியானது. கார்டு வாங்க வைத்திருக்கும் காசிலிருந்து எடுத்தாவது இதை முதலில் செய்யுங்கள். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகுகிற ஆட்களிடம் நான் பேசுவதே இல்லை.

7. கரண்ட் போனா என்ன பண்றது? இன்வெர்ட்டர் போதுமா, யூபிஎஸ் வாங்கணுமா?

வீட்டில் சைன்வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 'யூபிஎஸ்' என்று ஒரு மோட் இருக்கும். சாதாரண மோடில் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறுவதற்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். நல்ல எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் ஏறக்குறைய 16 மில்லிவினாடிதான் தாக்குப்பிடிக்கும்; யூபிஎஸ் மோடில் அதற்குள் மாறிவிடும். அந்த மோடில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே பேட்டரிக்குத் தாவும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். லோ வோல்டேஜ் தெருவில் பேட்டரி சீக்கிரம் தேயும்.

தனி யூபிஎஸ் வாங்குவதாக இருந்தால் 600 விஏ என்பதை 600 வாட் என்று நினைக்காதீர்கள். அது 360 வாட் சொச்சம்தான். கார்டு முழு வேகத்தில் ஓடும்போது கரண்ட் போனால் கீ கீ என்று கத்திவிட்டு அதுவும் படுத்துவிடும். கார்டு இருந்தால் 1000 விஏ பாருங்கள். அதுவும் சேவ் செய்துவிட்டு ஒழுங்காக ஷட்டவுன் செய்யத்தான், மேட்ச்சை முடிக்க இல்லை. ரூட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ் தனியாக வைத்தால் நெட் போகாது.

8. தம்பி, இவன் கேட்கிற பெட்டியை வாங்கிக் கொடுத்தா கரண்ட் பில் எகிறிடாதா?

அம்மாக்கள் கேட்பது. எஸ்எம்பிஎஸ்ஸில் 550 என்று எழுதியிருந்தால் எப்போதும் 550 இழுக்கும் என்று அர்த்தமில்லை. கார்டு உள்ள நடுத்தர கம்ப்யூட்டர், மானிட்டரோடு சேர்த்து, விளையாடும்போது 300 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் 3 மணி நேரம் என்றால் 0.9 யூனிட். இரண்டு மாத பில்லில் 54 யூனிட். கேள்வி 3இல் சொன்ன கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு இதில் பாதிகூட வராது.

ஏசி ஓடும் வீட்டில் மட்டும் கவனம் தேவை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கின் கட்டணமும் சேர்ந்து ஏறும். 470இல் நிற்கும் வீட்டை இந்த 54 தள்ளிவிடும். அதற்கும் பையனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

9. நானே மாட்டினா எதையாவது உடைச்சிருவேனோன்னு பயமா இருக்கு.

உடைக்கக்கூடிய இடம் ஒன்றுதான்: பிராசஸரும் அது உட்காரும் சாக்கெட்டும். முக்கோண அடையாளத்தை முக்கோணத்தோடு பொருத்தி வையுங்கள். தானாக விழுந்து உட்காரும். அழுத்தினால்தான் உட்காரும் என்றால் தப்பாக வைத்திருக்கிறீர்கள். ரேம் அதற்கு நேர் எதிர். டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். முதல் தடவை எல்லாருக்கும் மனசு வராது.

மற்றதில் பெரும்பாலானவை தப்பான இடத்தில் நுழையாது. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கை உரித்துவிட்டு மாட்டுங்கள். மதர்போர்டை இறக்கும் முன் கேபினெட்டில் பின்பக்கத் தகட்டை வைத்துவிடுங்கள். மறந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நான் மூன்று தடவை மறந்திருக்கிறேன்.

10. எல்லாம் மாட்டியாச்சு. ஃபேன் சுத்துது, லைட் எரியுது, டிஸ்ப்ளே வரலை!

மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறாய்? கார்டு இருந்தால் கார்டில்தான் செருக வேண்டும், மேலே மதர்போர்டில் இல்லை. என் முதல் கம்ப்யூட்டரில் நாற்பது நிமிடம் வேர்த்து விறுவிறுத்து, கடைக்காரரைத் திட்டி, கடைசியில் பார்த்தால் இதுதான்.

அது சரியாக இருந்தால் பிராசஸருக்கான 8 பின் கரண்ட் கேபிள். போர்டின் இடது மேல் மூலையில் ஒளிந்திருக்கும். அதுவும் சரி என்றால் ரேமைக் கழற்றி, ஒரு குச்சியை மட்டும் அழுத்திப் போட்டுப் பாருங்கள். டிடிஆர்5 ரேம் என்றால் முதல் தடவை சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். அவசரப்பட்டு அணைக்காமல் ஒரு டீ போட்டுவிட்டு வாருங்கள்.

11. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். வித்தியாசமே தெரியலையே?

விண்டோஸ் அதை 60இலேயே ஓட்டிக்கொண்டிருக்கும். டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 144 என்று நீங்கள்தான் மாற்ற வேண்டும். ஒரு வருடம் 60இலேயே விளையாடிவிட்டு "கண்ணுக்குக் குளுமையா இருக்கு" என்று சொன்ன நண்பர் ஒருவர் உண்டு.

அப்படியே பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டின் செட்டிங் திரை) போய் ரேமின் வேகத்தையும் பாருங்கள். 3200 என்று காசு கொடுத்து வாங்கியது 2400இலோ 2666இலோ ஓடிக்கொண்டிருக்கலாம். எக்ஸ்எம்பி என்று இருப்பதை ஆன் செய்தால்தான் முழு வேகம். கார்டு இல்லாதவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். காரணம் கேள்வி 3இல்.

12. 200 எம்பி ஃபைபர் போட்டும் பிங் 90 காட்டுது. நெட்காரன் ஏமாத்துறானா?

200 என்பது குழாயின் அகலம். பிங் என்பது தண்ணீர் போய்ச் சேரும் நேரம். அகலத்தைக் கூட்டினால் தூரம் குறையாது. மதுரையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் சுமார் 1,150 கிலோமீட்டர். ஃபைபருக்குள் ஒளி ஒரு மில்லிவினாடியில் 200 கிலோமீட்டர் போகும். போய் வர 11.5 மில்லிவினாடிக்குக் கீழே எந்த நெட்காரராலும் தர முடியாது. கேபிள் நேராகவும் போவதில்லை. 35, 40 வந்தால் சந்தோஷப்படுங்கள்.

90 வந்தால் மூன்று இடத்தில் தேடுங்கள். முதலில், கேமில் எந்த ஊர் சர்வர் தேர்வாகியிருக்கிறது? வேலரன்டுக்கு மும்பை இருக்கிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2க்கும் டோட்டாவுக்கும் சென்னையிலேயே சர்வர் உண்டு. சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டிருந்தால் பிங் ஏறத்தான் செய்யும். அடுத்தது வைஃபை. பக்கத்து வீட்டு ரூட்டர்கள், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டி மோதும். இருபது மீட்டர் லேன் கேபிள் வாங்கிச் சுவரோரமாக இழுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் பிங் ஆடாது.

மூன்றாவதுதான் யாரும் சந்தேகப்படாதது. சாதாரணமாக 40, திடீரென்று 300 என்று துள்ளினால் வீட்டில் யாரோ எதையோ ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது மனைவியின் போன். சார்ஜில் போட்டதும் அன்றைய போட்டோ, வீடியோ எல்லாம் கூகுளுக்குக் கிளம்பும். ரூட்டரில் அந்த வரிசை நீண்டு, கேமில் நான் சுட்ட குண்டு கடைசியில் நிற்கும். ரூட்டரில் க்யூஓஎஸ் (எதற்கு எவ்வளவு வழி என்று பிரித்துக் கொடுக்கும் வசதி) இருந்தால் அப்லோடுக்கு ஒரு வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் என்னைப் போலப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்: பத்தரைக்கு மேல் சார்ஜ்.

13. ஃபிரண்ட்ஸுக்காக வீட்டிலேயே மைன்கிராஃப்ட் சர்வர் வச்சேன். எனக்கு வேலை செய்யுது, அவனுங்களால உள்ள வர முடியலை.

போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருபவர்களை உங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் ரூட்டர் செட்டிங்) எல்லாம் சரியாகச் செய்தும் இப்படி என்றால் சிஜிநாட்தான். ஐபி முகவரிகள் பற்றாக்குறை என்பதால் நெட் நிறுவனம் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஒரே முகவரியைக் கொடுத்திருக்கும். ஒரே கதவு எண்ணில் நூறு குடித்தனம் இருந்தால் தபால்காரர் யாரைத் தேடுவார்? ரூட்டர் காட்டும் 'வான்' (WAN, இணையப் பக்கத்து) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம்.

வழிகள் உண்டு. நெட் நிறுவனத்திடம் நிலையான ஐபி கேட்டு மாதம் கொஞ்சம் கூடக் கட்டலாம். எல்லாருக்கும் ஐபிவி6 (பற்றாக்குறை இல்லாத புது முகவரி முறை) இருந்தால் அதில் இணையலாம். டெயில்ஸ்கேல் போன்ற தனி வலை மென்பொருளை எல்லாரும் போட்டுக்கொண்டால் ஒரே வீட்டில் இருப்பது போல ஆகிவிடும். நான்கு பேருக்கு இந்தக் கடைசி வழியே போதும், செலவும் இல்லை.

14. செகண்ட்ஹேண்ட் கார்டு வாங்கலாமா? மைனிங்ல ஓட்டினதுன்னு பயமுறுத்துறாங்க.

மைனிங் என்றால் கிரிப்டோ காசு சம்பாதிக்க கார்டை ராப்பகலாக ஓட்டுவது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ காசு அந்த முறையைக் கைவிட்டதும் கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே கார்டு கெட்டதாகிவிடாது. தேய்வது ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் (சூடு கடத்தும் பசை)தான், இரண்டையும் மாற்றலாம். நேரில் போங்கள். இருபது நிமிடம் ஒரு கனமான கேமை ஓட்டச் சொல்லுங்கள். ஃபேன் கரகரக்கிறதா, திரையில் கலர் புள்ளி விழுகிறதா, பார்த்துக்கொண்டே இருங்கள். ஓட்டிக் காட்ட மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பில் விஷயம் கேள்வி 4இல் சொன்னதுதான், இங்கேயும்.

15. சித்திரை வெயில்ல பிராசஸர் 85 டிகிரி காட்டுது. எரிஞ்சு போயிடுமா?

போகாது. சூடு எல்லை மீறினால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவை 95 வரை போகும்படியே செய்யப்பட்டவை. அறையே 38 டிகிரி இருக்கும்போது உள்ளே 60 எதிர்பார்ப்பது பேராசை. போன மாதத்தை விடத் திடீரென்று 15 டிகிரி கூடினால் மட்டும் திறந்து பாருங்கள், தூசியாக இருக்கும். பிளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் இன்னொரு தொல்லை, எறும்பு. மழைக்கு முன் முட்டையோடு எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் குடியேறும். கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள், பக்கத்தில் மிக்சர் தட்டும் வேண்டாம்.

16. பிஜிஎம்ஐயை கம்ப்யூட்டர்ல விளையாடலாமா?

பிஜிஎம்ஐ என்பது பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு, போனுக்கானது. எமுலேட்டரில் (கம்ப்யூட்டரைப் போன் போல நடிக்க வைக்கும் மென்பொருள்) ஓட்டினால் கணக்கு முடக்கப்படலாம், வேண்டாம். 2020 செப்டம்பரில் இங்கே தடை செய்யப்பட்டது பப்ஜி மொபைல். கம்ப்யூட்டருக்கான பப்ஜி வேறு கேம், 2022 ஜனவரியிலிருந்து இலவசம். அதற்கு நல்ல கார்டு வேண்டும்.

17. வேலரன்ட் திறந்தா டிபிஎம், செக்யூர் பூட்னு ஏதோ கேட்டு மூடிக்குது.

விண்டோஸ் 11இல், கேமில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் அதன் காவலாளி வேன்கார்ட் இந்த இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். இரண்டும் பயாஸில் இருக்கும், ஆன் செய்யலாம். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால், செக்யூர் பூட்டுக்காக பயாஸை யூஈஎஃப்ஐ என்ற புது முறைக்கு மாற்றியதும் விண்டோஸே எழாது. பயந்துபோய் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். பழையபடி மாற்றினால் எழும். முக்கியமானதை எல்லாம் வெளியே நகல் எடுத்துவிட்டு, விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதுப் பிரிப்பு முறைக்கு மாற்றிக்கொண்டு மறுபடி போங்கள்.

18. ரெண்டு வருஷமா விளையாடறேன், ரேங்க் ஏறவே மாட்டேங்குது. கார்டு மாத்தினா சரியாகுமா?

ஆகாது. உங்களுக்குச் சமமான ஆட்களோடு கோர்த்துவிடுவதுதான் கேமின் வேலை. ஜெயித்தால் பலமான ஆள், தோற்றால் லேசான ஆள். ஆகப் பாதிக்குப் பாதி தோற்பதுதான் அது சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். தினம் ஆறு மணி நேரம் விளையாடும் கல்லூரிப் பையனும் வாரத்துக்கு நாலு மணி நேரம் விளையாடும் நானும் ஒரே ரேங்க்கில் இருக்க முடியாது. நான் மூன்று வருடமாக சில்வர் என்ற கீழ் ரேங்க்கில்தான். கேள்வி 11இல் சொன்ன மானிட்டர் 60இல் கிடந்தால் மட்டும் மாற்றிப் பாருங்கள், கொஞ்சம் உதவும்.

19. சாப்பிடக் கூப்பிட்டா "இரும்மா, நிறுத்த முடியாது"ங்கிறான். கேமை நிறுத்த முடியாதுன்னு ஒண்ணு உண்டா தம்பி?

உண்டு அக்கா, இதில் அவன் பொய் சொல்லவில்லை. தனியாக விளையாடும் கேமைப் பெரும்பாலும் எந்த நொடியிலும் நிறுத்தலாம். ஐந்து பேருக்கு ஐந்து பேர் விளையாடும் ஆன்லைன் மேட்ச்சை அவன் இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது. வேலரன்ட் என்றால் அரை மணியிலிருந்து முக்கால் மணி. டோட்டா ஒரு மணி நேரம்கூட இழுக்கும். நடுவில் எழுந்து போனால் கூட விளையாடும் நாலு பேருக்கும் ஆட்டம் கெடும். அடிக்கடி போனால் கேமே இவனுக்குத் தண்டனை கொடுத்து உட்கார வைக்கும்.

அதனால் தோசை கல்லில் இருக்கும்போது கூப்பிடாதீர்கள். மாவை எடுக்கும்போதே போய் "இது எத்தனாவது ரவுண்டு?" என்று கேளுங்கள். வேலரன்டில் முதலில் 13 ரவுண்டு ஜெயிப்பவர் மேட்ச்சை எடுப்பார். பன்னிரண்டுக்கு ஏழு என்றால் சட்டினியை அரையுங்கள். நாலுக்கு மூன்று என்றால் நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள். முடிந்ததும் அடுத்த மேட்ச்சுக்கு அழுத்துகிறானா என்று மட்டும் கவனியுங்கள். அப்போது ஒயரைப் பிடுங்கினால் நான் உங்கள் பக்கம்.